இப்போது யாருடைய முறை?

போன பொங்கலுக்குக் காட்டூர் போயிருந்தபோது மாமாவுக்கு ராலி காட்டினேன். போனில் கென்யாவின் சஃபாரி ராலி. செம்மண் புழுதி, தூரத்தில் வரிக்குதிரைகள், நடுவில் ஒரே ஒரு கார். ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாடா இது, எதுத்தாப்புல ஆளே இல்ல. இவன் யாரைத் தோக்கடிக்கிறான்?"

ராலியைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு நேரான கேள்வி இல்லை. விளக்கினேன். "எல்லாரும் ஒண்ணா கெளம்ப மாட்டாங்க மாமா. ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு வண்டி. ஒவ்வொருத்தரும் எவ்வளவு நேரம் எடுத்தாங்கன்னு கணக்கு வெப்பாங்க. கடைசியில கூட்டிப் பாத்தா யாருக்குக் கம்மியோ அவங்க ஜெயிச்சாங்க."

"அப்ப பாடு மாதிரின்னு சொல்லேன். மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

பழவேற்காட்டு ஏரியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே இறாலுக்குச் சுத்துவலை கட்டும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல இல்லை. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் அள்ளலாம், உள்ளே தள்ளிப் போனால் சொற்பம்தான். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். இன்று இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. யாருக்கு எப்போது என்பதை ஊர் கூடி முடிவு செய்கிறது. இதற்குப் பெயர் பாடு. தன் முறை வராத நாளில் யாரும் அந்த இடத்தில் வலை இறக்குவதில்லை. இதை ஒரு பொற்காலத்துச் சமத்துவமாக நான் காட்டப்போவதில்லை. பாட்டில் பங்கில்லாத ஊர்கள் ஏரியைச் சுற்றிலும் இருக்கின்றன. எங்களுக்கு ஏன் இல்லை என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. மாமாவுக்கும் பாட்டுரிமை கிடையாது. ஆனால் இன்று யாருடைய முறை என்று அவருக்குத் தெரியும். கரையில் நிற்கும் சின்னப் பையனுக்கும் தெரியும்.

ராலி ஏன் தேய்கிறது என்று சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு மாமா போகிறபோக்கில் ஒரு பிடி கொடுத்துவிட்டார். அதைப் பற்றிக்கொண்டுதான் இந்தக் கட்டுரை.

*

ராலியை வேகப்போட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. வேகம் என்பது மூடிய சாலைகளில் ஓடும் 'ஸ்பெஷல் ஸ்டேஜ்'களுக்கு மட்டும். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்கு அதே கார், நம்பர் பிளேட்டோடு, சிக்னலில் நின்று, லாரிக்குப் பின்னால் ஊர்ந்துதான் போகவேண்டும். அடுத்த இடத்துக்குத் தாமதமாக வந்தால் தண்டனை. குறித்த நிமிடத்துக்கு முன்னால் வந்தாலும் தண்டனை. சீக்கிரம் வந்ததற்குத் தண்டிக்கும் கார் பந்தயம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பக்கத்து இருக்கைக்காரர் இன்னும் விசித்திரம். போட்டிக்கு முன்பே இருவரும் அந்தச் சாலையில் மெதுவாகப் போய் ஒவ்வொரு வளைவையும் குறிப்பெடுத்து வைத்திருப்பார்கள். போட்டியில் அவர் சாலையைப் பார்ப்பதைவிட நோட்டைப் பார்ப்பதுதான் அதிகம். அவர் படிக்கப் படிக்க, ஓட்டுபவர் இன்னும் கண்ணுக்குத் தெரியாத வளைவுக்குத் திருப்புகிறார். என் தலைமுறையில் பலருக்கு ராலி அறிமுகமானதே இந்தக் குரலால்தான். 1998-இல் வந்த 'காலின் மெக்ரே ராலி' கேமைப் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் ஆடியவர்களுக்கு நான் சொல்வது புரியும். வண்டி மரத்தில் மோதி நின்ற பிறகும் அடுத்த திருப்பத்தைச் சொல்லத் தயாராக இருக்கும் குரல் அது.

ஆக, ராலிக்கென்று தனி மைதானம் கிடையாது. யாருடைய ஊரிலோ, யாரோ தினமும் பால் கேன் கட்டிக்கொண்டு போகும் சாலையில், சில மணி நேரம் முறை வாங்கிக்கொண்டு ஓடுவது அது. சர்க்யூட் பந்தயம் சொந்த வீட்டில் ஆடுகிறது. ராலி எப்போதும் விருந்தாளி.

*

இந்த விளையாட்டு வேறு எங்கோ நடப்பது, நமக்குத் தொடர்பில்லாதது என்று சொல்லமுடியாது. காட்டூரிலிருந்து தெற்கே போனால் திருவொற்றியூர். 1946-இல் அங்கே பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய எம்.ஆர்.எஃப். 2022-இல் ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்பை வென்ற ஸ்பெயின்காரர் எஃப்ரேன் யாரேனா ஓட்டியது எம்.ஆர்.எஃப். அணியின் காரை. 2024-இல் தியரி நூவில் உலக சாம்பியன் ஆனது ஹூண்டாய் ஐ20 என்ற பெயர் தாங்கிய காரில். ராலிக்காகக் கட்டிய வண்டி வேறுதான். ஆனால் தெருவில் ஓடும் ஐ20 இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்படுகிறது. டாமி மாக்கினென் மிட்சுபிஷி லான்சரில் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டம் வென்றுகொண்டிருந்த காலத்தில்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. காட்டூர் இருப்பதும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான்.

ஓட்டுநர்களைப் பார்த்தாலும் இதே கதைதான். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய இந்தியர்கள் இதுவரை இரண்டே பேர். கோவை நரேன் கார்த்திகேயனின் அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் ராலி சாம்பியன். சென்னை கருண் சந்தோக்கின் அப்பா விக்கி சந்தோக்கும் ராலி ஓட்டியவர். அப்பாக்கள் புழுதியில் ஓட்டினார்கள், பிள்ளைகள் தார்த்தளத்துக்குப் போனார்கள். ராலிக்கு என்ன நடந்தது என்பதற்கு இதைவிடச் சின்ன சுருக்கம் கிடைக்காது.

டயர் இங்கே, கார் இங்கே, ஆள் இங்கே. பார்க்கிறவர் மட்டும் இல்லை.

ஒருகாலத்தில் பார்க்கிறவர்கள் இருந்தார்கள். மாமாவே இருந்தார். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. பொன்னேரி வழியாக சைக்கிள் மிதித்துப்போய்ப் பார்த்ததை மாமா இன்றும் சொல்வார். எந்தக் கார் ஜெயித்தது என்று அவருக்கு நினைவில்லை. "சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கும்டா" என்பார், அவ்வளவுதான். சோழவரம் ராலி அல்ல, வேலி போடாத சர்க்யூட். ஆனாலும் சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கு அது 'நம்ம ரேஸ்'. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தளம் வந்தது. அதன்பின் மாமா ஒருதடவைகூடப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது கம்பெனிக்காரங்க எடம்" என்றார்.

*

ராலி உலகம் முழுவதும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. 2001-இல் உலக சாம்பியன்ஷிப்பின் உச்சப் பிரிவில் ஆறு கார் நிறுவனங்கள் மோதின. மிட்சுபிஷி போனது, சுபாரு போனது. 2025-இல் மிஞ்சியவை டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு என்று மூன்றுதான். இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற கல்லே ரோவன்பெரா, 25 வயதில், ராலி போதும் என்று சர்க்யூட் பந்தயத்துக்குப் போய்விட்டார். இந்தியாவில் கௌரவ் கில் மூன்று முறை ஆசிய-பசிபிக் ராலி சாம்பியன். அவர் பெயரை நம் ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்? 2025 ஜனவரியில் துபாயில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது வெடி வெடித்தவர்களில் எத்தனை பேர் தென்னிந்திய ராலி என்று ஒன்று நடப்பதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இதற்குச் சொல்லப்படும் முதல் காரணம், ராலியைப் பார்க்கமுடியாது என்பது. சர்க்யூட்டில் ஓரிடத்தில் உட்கார்ந்தால் அதே கார் ஐம்பது தடவை வரும். ராலியில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் மூன்று விநாடி. சரிதான். ஆனால் 2018-லிருந்து உலக ராலியின் எல்லா ஸ்டேஜ்களையும் இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம். ஹெலிகாப்டர் காட்சி, காருக்குள் கேமரா எல்லாம் உண்டு. அதனால் ஒன்றும் கூட்டம் பெருகிவிடவில்லை. இரண்டாவது காரணம் பணம். அதுவும் சரி. ஆனால் பணம் ஆளிருக்கும் இடத்தைத் தேடித்தான் போகும். ஆள் ஏன் போனார் என்பதற்குப் பணம் பதில் அல்ல.

எனக்குத் தோன்றுவது இது: ராலி இழந்தது பார்வையாளர்களை அல்ல, அக்கம்பக்கத்தவர்களை. இரண்டும் ஒன்றல்ல. பார்வையாளர் டிக்கெட் வாங்குகிறவர். அக்கம்பக்கத்தவர் அந்தச் சாலையின் சொந்தக்காரர்.

*

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்தால் இந்தக் கட்டுரை வெறும் ஏக்கமாகிவிடும்.

பழைய ராலி வீடியோக்களில் சாலையே தெரியாது. மனிதச் சுவர் நிற்கும், கார் நெருங்கும்போது பிளந்து வழிவிடும். அந்த அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் 1986-ஐயும் சேர்த்து எழுதவேண்டும். அந்த மார்ச்சில் போர்ச்சுகலில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்தார்கள். மே மாதம் கோர்சிகாவில் ஹென்றி டோய்வோனனும் அவருடைய பக்கத்து இருக்கைக்காரர் செர்ஜியோ கிரெஸ்டோவும் எரிந்துபோனார்கள். 'குரூப் பி' என்ற அசுர வண்டிகள் அந்த ஆண்டோடு நிறுத்தப்பட்டன. அதன்பின் ஒவ்வொரு விதியும் கூட்டத்தைச் சாலையிலிருந்து தள்ளிவைத்தது. அந்த விதிகளில் ஒன்றைக்கூட நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் நடந்தது வேறு. தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று. போட்டிக்காக மூடியிருந்த சாலைக்குள் ஒரு பைக் வந்துவிட்டது. அதில் வந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் ராலி கார் மோதி இறந்தார்கள். அவர்கள் ராலி பார்க்க வந்து ஓரத்தில் நின்றவர்கள் அல்ல, சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள்.

அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து 'மூடிய சாலை' என்ற சொல் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. யாருக்கு மூடியது? அனுமதிக் கடிதம் இருந்திருக்கும், நாடா கட்டியிருப்பார்கள். இவை ஓடுகிறவர்களும் அதிகாரிகளும் பேசிக்கொள்ளும் மொழி. தினமும் போகிற வழியில் போகிறவருக்கு இன்று இது வேறொருவரின் முறை என்று எந்த மொழியில் சொன்னார்கள்? சொன்னது அவருக்கு எட்டியதா? பாடு நிற்பது வலைக்கட்டில் அல்ல, எல்லாருக்கும் தெரிந்திருப்பதில். பாட்டில் பங்கில்லாத என் மாமாவுக்கும் தெரிந்திருப்பதில். தெரிவிக்காமல் எடுத்துக்கொண்ட முறைக்கு முறை என்று பேர் இல்லை.

*

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் தெருத்தளத்தில் இரவுப் பந்தயம் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஊரே சண்டை போட்டது. அரசுப் பணம் எதற்கு, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது, சாலையை மூட யார் அனுமதித்தது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. அந்தச் சண்டையைப் பலர் எரிச்சலோடு பார்த்தார்கள். எனக்கு அது ஆரோக்கியமாகப் பட்டது. யாருடைய சாலை என்ற கேள்வியைக் கேட்கும் தெம்பு நகரத்துக்கு இருந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு ஸ்டேஜுக்காகச் சாலையை மூடும்போது அந்த விவாதம் நடப்பதில்லை. அங்கே போகிறவர்களிடம் ட்விட்டர் இல்லை, வக்கீலும் இல்லை.

சிக்மகளூர்க் காபித் தோட்டங்களில் ராலி நன்றாகவே நடக்கிறது என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். தனியார் தோட்டத்துக்குள் ஓடினால் யாரையும் கேட்கவேண்டியதில்லை, ஆபத்தும் குறைவு. ஆனால் அது விருந்தாளி தனக்கென்று ஒரு காம்பவுண்டு கட்டிக்கொண்ட கதை. அப்புறம் ஊர்க்காரர்கள் வரவில்லையே என்று வருந்துவதில் பொருள் இல்லை.

கென்யாவைப் பாருங்கள். சஃபாரி ராலி 2002-வரை பொதுச் சாலைகளில், ஊர்வண்டிகளுக்கும் மாடுகளுக்கும் நடுவே ஓடியது. ஜோகிந்தர் சிங் மூன்று முறையும் சேகர் மேத்தா ஐந்து முறையும் வென்றார்கள், நம் வம்சாவளிக்காரர்கள். பிறகு உலகப் பட்டியலிலிருந்து அது விழுந்தது. 2021-இல் மூடிய ஸ்டேஜ்களோடு, புதிய விதிகளோடு திரும்பிவந்தபோது ஜனம் திரண்டது. உலகப் பட்டியலில் இல்லாத அத்தனை வருடமும் அவர்களுக்கு அது 'எங்கள் ராலி'யாகவே இருந்தது. விதிகள் கூட்டத்தைத் தள்ளிவைத்தாலும் உறவைத் தள்ளிவைக்கத் தேவையில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

அதனால் ராலியைக் காப்பாற்ற நட்சத்திரம் வேண்டும், டிரோன் வேண்டும், ரீல்ஸ் வேண்டும் என்று பேசுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. சின்னதாகவே இருக்கட்டும். ஆனால் ஸ்டேஜ் போடும் ஊரில் ஒரு வாரம் முன்பே போய் உட்கார்ந்து, தண்டோரா போட்டாவது, இன்ன நாள் இன்ன நேரம் எங்கள் முறை, அதற்குப்பின் சாலை உங்களுடையது, எங்கே நின்று பார்க்கலாம் என்று சொல்லட்டும். உடைத்த மண்சாலையைத் திருப்பிப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போகட்டும். ஒரு ஊர் வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளட்டும். ஓட்டுகிறவர்கள் நாலு நாள் முன்பே வந்து வளைவுகளைக் குறிப்பெடுக்கிறார்களே, அந்த நோட்டில் வளைவுக்குப் பக்கத்து வீட்டுக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

கிளம்பும்போது மாமாவிடம் கேட்டேன். "நம்ம ஊர் ரோட்டுல ஒருநாள் இந்த ரேஸு வந்தா வுடுவீங்களா?"

வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டே சொன்னார். "வரட்டும். எத்தினி மணிக்குன்னு சொல்லிட்டு வரச்சொல்லு. காலையில மீன் வண்டி போவணும்."