வில்பத்துக் காடும் நம் எழுத்தாளரும்

வில்பத்து என்றவுடன் சிறுத்தையும் கரடியுமே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. கலா ஓயாவுக்கும் மோதரகம் ஆற்றுக்கும் இடையே பரந்து கிடக்கும் அக்காடு 1938 ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அன்று முதல் அது விலங்குகளின் இராச்சியம். மனிதன் அங்கே அனுமதிச் சீட்டுடன் நுழையும் விருந்தாளி. வனவிலங்குகளைப் பேணுவது நற்செயல் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அங்கே மனிதன் என்றுமே வாழ்ந்ததில்லை என்னும் எண்ணம் எவ்வாறு வேரூன்றியது? அதில் இலக்கியத்தின் பங்கு யாது? இவையே ஈண்டு நாம் ஆராய விரும்பும் வினாக்கள்.

பூங்காவின் எல்லைக்குள் அமைந்துள்ளது பொம்பரிப்பு. 1956, 1957 ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் திணைக்களத்தினரும், 1970 இல் விமலா பெக்லி தலைமையில் வந்த குழுவினரும் அங்கு அகழ்வு நடத்தினர். இரும்புக் கால மக்களின் ஈமத் தாழிகள் வெளிப்பட்டன. ஒரே தாழியில் பலருடைய என்புகள். உடன் வைக்கப்பட்ட கறுப்பு-சிவப்பு மட்கலங்கள். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவற்றுக்குள்ள ஒற்றுமையை ஆய்வாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். சிறுத்தையைக் காணச் செல்வோரின் வாகனங்கள் ஓடும் மண்ணுக்குக் கீழே ஒரு சமுதாயமே உறங்குகிறது எனல் மிகையாகாது.

இம்மனிதரைப் பற்றி நாம் சொல்லிவந்த கதைகள் எவை? சிங்களக் கதைமரபு இக்கரையை விசயனோடும் குவேனியோடும் இணைக்கிறது. காட்டினுள் உள்ள இடிபாடுகளுக்குக் குவேனியின் மாளிகை என்று பெயர். தமிழ்க் கதைமரபோ குதிரைமலையை அல்லி அரசாணிக்கு உரியதாக்குகிறது. இரு சாராரும் அரசியரையே தேடினர்; தாழி வனைந்தவனைத் தேடினாரில்லை. இன்று போட்டி இன்னும் கீழிறங்கி, என்புக்கு இனப்பெயர் எழுதும் நிலைக்கு வந்துவிட்டது. தென்னகத்தோடு அம்மக்களுக்கிருந்த உறவை மறைப்பது வரலாற்றுத் துரோகம். அவ்வுறவையே காணி உறுதியாக்கி இன்றைய நிலத்துக்கு உரிமை கோருவதும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

தற்கால இலக்கியத்துக்கு வருவோம். நிஹால் டி சில்வா ஆங்கிலத்தில் எழுதி, 2003 ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசைப் பெற்ற 'த ரோட் ஃபுரொம் எலிபன்ட் பாஸ்' என்னும் நாவலில் ஒரு சிங்கள இராணுவ அதிகாரியும் ஒரு புலிப் பெண்ணும் வில்பத்து வழியாக நடக்கின்றனர். பறவைகள் மீதுள்ள பற்று அவர்களை நெருங்கச் செய்கிறது. ஆசிரியரின் நல்லெண்ணம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அவர் அதே காட்டில் 2006 இல் கண்ணிவெடிக்கு இரையானார் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது. எனினும் விமர்சனம் தன் கடமையைச் செய்தாக வேண்டும். வயலிலும் சந்தையிலும் பாடசாலையிலும் கைகூடாத இன ஒற்றுமை, மனிதரற்ற காட்டில் மட்டுமே மலருமாயின், அதனால் ஊருக்குப் பயன் என்ன?

இதனோடு அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை ஒப்பிடுக. 1973 இல் வெளிவந்த இந்நாவலில் தண்ணிமுறிப்புக் காடு வெறும் பின்னணிச் சித்திரமன்று. அங்கு வாழும் பதஞ்சலியைப் போன்ற எளிய மனிதரின் வாழ்வோடு அது பின்னிப் பிணைந்தது. வன்னி இலக்கியம் செல்ல வேண்டிய வழியை அந்நாவலே காட்டிற்று.

காட்டை மனிதனின்றிக் கற்பனை செய்வதால் என்ன கேடு என்று வாசகர் கேட்கலாம். 1990 அக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வில்பத்துக்கு வடக்கே மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய ஊர்களின் மக்களும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் விட்டுச் சென்ற வளவுகளைக் காடு மூடியது. 2012 இல் அப்பகுதியில் நிலங்கள் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. போர் முடிந்து திரும்பியவர்கள் காட்டை அழிக்க வந்தவர்களெனத் தூற்றப்பட்டனர். கல்லாறுப் பகுதியில் நடந்த காடழிப்பு சட்டவிரோதமானது என 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, மீண்டும் மரம் நடுமாறு பணித்தது. சட்டத்தை மீறியோர் பொறுப்பேற்கட்டும். ஆயினும் மரம் முளைத்த நிலமெல்லாம் மனிதன் வாழாத நிலம் என்னும் வாதத்தை ஏற்க இயலாது. ஊரும் பள்ளிவாசலும் இருந்த மண்ணை மறக்க இருபது ஆண்டுகளே போதுமாயின், ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள தாழிகள் எம்மாத்திரம்! அம்மக்களின் வெளியேற்றத்தைத் தமிழ் எழுத்தாளர் தம் சொந்தத் துயராகக் கொண்டு எழுதாதவரை, பொம்பரிப்பைப் பற்றிப் பேசும் நம் பெருமிதம் பொய்யானதே.

பெயரிலேயே குளத்தைச் சுமக்கும் நெளுக்குளத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நமக்கு இது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. வன்னியில் குளம் என முடியும் ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் பலர் கூடி மண் சுமந்து அணை கட்டிய உழைப்பின் சாசனம். நம் மாணவர் பூங்காவுக்குச் செல்லட்டும்; சிறுத்தையைக் கண்டு களிக்கட்டும். வில்லுகளில் நீர் பருகவரும் மான்களையும் காணட்டும். அத்தோடு பொம்பரிப்பில் புதைந்தவர் எவ்வாறு வாழ்ந்தனர், மறிச்சுக்கட்டியில் வாழ்ந்தவர் ஏன் பெயர்ந்தனர் என்ற இரு கேள்விகளையும் கேட்டுத் திரும்பட்டும். முதற் கேள்வியைத் தொல்பொருள் அறிஞரிடம் விட்டுவிடலாம். இரண்டாவதற்கு விடை எழுதவேண்டியவர் நாமே.