நாமா, நாங்களா? அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வின் வினாவிடைப் பட்டியல்: ஒரு திறனாய்வு

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியுரிமை பெற விழைவோர், அந்நாட்டின் வரலாறும் அரசமைப்பும் பற்றிய வாய்மொழித் தேர்வொன்றைக் கடக்க வேண்டும். 2008 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 100 வினாக்கள் இருந்தன. அலுவலர் அவற்றுள் 10 வரை கேட்பார். 6 வினாக்களுக்குச் சரியான விடை கூறினால் தேர்ச்சி. வினாக்கள் மட்டுமல்லாமல் ஏற்கத்தக்க விடைகளும் முன்னரே அச்சிட்டு வழங்கப்படுகின்றன. 2020 டிசம்பரில் 128 வினாக்கள் கொண்ட வேறொரு பட்டியல் வந்தது. ஆட்சி மாறியதும் 2021 மார்ச்சில் பழைய பட்டியலே மீண்டது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்கு மறுபடியும் 128 வினாக்கள். கேட்கப்படுவன 20, தேற வேண்டியவை 12.

இந்நாட்டுத் தமிழர் பலர் இப்பட்டியலை மனப்பாடம் செய்து குடிமக்களாயினர். தேர்வு முடிந்ததும் தாளை எறிந்துவிடுவதே வழக்கம். இக்கட்டுரை அதனை ஒரு பனுவலாக எடுத்துக்கொண்டு, அதன் வினாக்கள் எவ்வகையின, அதன் விடைகள் எவற்றைச் சொல்லாமல் விடுகின்றன, குடிமையறிவு என்று அது கருதுவது யாது என்பனவற்றை ஆராய முற்படுகிறது. 2008, 2020 ஆகிய இரு பட்டியல்களே இங்கு ஆய்வுக்குரியவை.

வினாவின் இலக்கணம்

வினாவிடை என்னும் வடிவம் நமக்குப் புதிதன்று. கிறித்தவ மறைப்பணியாளர் தமிழில் அச்சிட்ட வினாவிடை நூல்களும், அவ்வடிவத்தையே சைவத்திற்கு ஆக்கிக்கொண்ட ஆறுமுக நாவலரின் ‘சைவ வினாவிடை’யும் நாம் அறிந்தவை. அவற்றில் கேட்போன் ஐயமுற்றுக் கேட்பதில்லை. விடை வெளிப்படுவதற்கென்றே வினா வைக்கப்படுகிறது. சமயக் கொள்கையைக் கற்பிக்க இவ்வடிவம் பொருந்தும். கருத்து வேறுபாட்டின்மேல் எழுந்த ஓர் அரசியலைக் கற்பிக்க இது எவ்வளவு பொருந்தும் என்பதே கேள்வி.

நன்னூலார் வினாவை அறுவகைப்படுத்துகிறார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடையறிந்த ஆசிரியன் மாணவனை நோக்கிக் கேட்பது அறிவினா. குடியுரிமைப் பட்டியலின் நூறும் அறிவினாக்களே. தேர்வு என்பதன் இயல்பே அதுதான் என்பர்; உண்மை. ஆயினும் அறிவினாவுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: கேட்போனிடம் விடை உறுதியாக இருத்தல் வேண்டும். அமெரிக்க அரசியல் வரலாற்றின் முதன்மையான வினாக்களுக்கு அத்தகைய உறுதி இருந்ததில்லை. 1787இல் வரையப்பட்ட அரசமைப்புச் சட்டத்தை ஏற்பதா மறுப்பதா என்பதே மாநிலந்தோறும் கடுமையான வாதமாயிற்று. அடிமைமுறை ஒழிப்பாளர்கள்கூட அச்சட்டத்தை ஒரே வகையாகப் படிக்கவில்லை. வில்லியம் லாயிட் காரிசன் 1854 ஜூலை 4 அன்று அதன் படியொன்றைப் பொதுக்கூட்டத்தில் எரித்தார். அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ் அதே சட்டத்தை விடுதலைக்கான ஆவணமென்று வாதிட்டார். இது பட்டியலுள் நுழையும்போது “நாட்டின் மிக உயர்ந்த சட்டம் எது?” என்னும் ஒற்றை வினாவாகச் சுருங்கிவிடுகிறது.

அச்சிட்ட விடையும் அரசியலும்

2008 பட்டியலின் 74ஆம் வினா, உள்நாட்டுப் போருக்கு இட்டுச்சென்ற சிக்கல் ஒன்றைக் கூறுமாறு கேட்கிறது. அடிமைமுறை, பொருளாதாரக் காரணங்கள், மாநிலங்களின் உரிமைகள் என்னும் மூன்று விடைகள் நிகராக அச்சிடப்பட்டுள்ளன. எதைச் சொன்னாலும் மதிப்பெண் ஒன்றே. பிரிந்துசென்ற மாநிலங்களின் சொந்த அறிக்கைகளைப் படித்தவர் இந்த நிகர்மையை ஏற்கமாட்டார். 1860 டிசம்பரில் தென் கரோலினா வெளியிட்ட அறிக்கையின் பெருங்குறை, தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித்தரும் கடமையை வட மாநிலங்கள் செய்யவில்லை என்பதாகும். அதாவது, வட மாநிலங்கள் தம் உரிமையைக் காட்டித் தனிவழி சென்றதே தென் கரோலினாவின் முறையீடு. மிசிசிப்பியின் அறிக்கையோ அடிமைமுறையோடு தன் நிலை முற்றும் பிணைந்தது என்று ஒளிவின்றி உரைக்கிறது. ஒரு காரணத்தையும், அக்காரணத்தை மறைக்கப் பின்னாளில் போர்த்திய ஆடையையும் பட்டியல் அருகருகே நிறுத்துகிறது. மூன்று விடை தருவது பன்முகப் பார்வை போலத் தோன்றும். இங்கே அது சான்றை எடைபோடும் உழைப்பிலிருந்து கற்பவனை விடுவிக்கிறது.

60ஆம் வினா அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்ட மக்கள் யாவர் என்று கேட்கிறது. செயப்பாட்டுவினையில் வினைமுதல் மறைகிறது. விற்றோர் யார், வாங்கியோர் யார் என்ற வினா பட்டியலில் இல்லை.

52ஆம் வினா, உறுதிமொழி கூறும்போது நாம் எதற்குப் பற்றுறுதி காட்டுகிறோம் என்பது. விடை: ஐக்கிய நாட்டிற்கு, அல்லது கொடிக்கு. இவ்விடையில் பிழையில்லை. ஆனால் இந்த உறுதிமொழியைப் பற்றி ஓர் அமெரிக்கக் குடிமகன் அறியவேண்டிய பெருஞ்செய்தி வேறு. யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவினரின் பிள்ளைகள் பள்ளியில் கொடிவணக்கம் செய்ய மறுத்தனர். 1940இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளின் கட்டாயத்தை ஏற்றது. மூன்றே ஆண்டுகளில், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, மேற்கு வர்ஜீனியா எதிர் பார்னெட் வழக்கில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே கவிழ்த்தது. 1943 ஜூன் 14, கொடிநாளன்று வந்த அத்தீர்ப்பில், அரசியலிலோ சமயத்திலோ எது சரியான நம்பிக்கை என விதிக்க எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை என்னும் கருத்தை நீதிபதி ராபர்ட் ஜாக்சன் நிலைநாட்டினார். உறுதிமொழியைச் சொல்லாதிருக்கும் உரிமை, சொல்வதன் பொருளையே மாற்றுகிறது. அவ்வுரிமை பற்றிய வினா பட்டியலில் இல்லை.

இவற்றினும் கூர்மையான சான்று ஒன்றுண்டு. செனட்டர் யாருக்குப் பிரதிநிதி? 2008 பட்டியலின் விடை, அம்மாநிலத்தின் மக்கள் அனைவருக்கும் என்பது. 2020 பட்டியலின் விடை, அம்மாநிலத்தின் குடிமக்களுக்கு என்பது. இடையில் அரசமைப்புச் சட்டம் திருத்தப்படவில்லை. மாறியது அச்சிட்ட விடை மட்டுமே. 14ஆம் திருத்தம் கீழவை இடங்களைப் பகிர்வதற்குக் குடிமக்களை எண்ணச் சொல்லவில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள ஆட்களின் முழு எண்ணிக்கையையே சொல்கிறது. 2016இல் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து எழுந்த ஈவன்வெல் எதிர் ஆபட் வழக்கில், தொகுதிகளை மொத்த மக்கள்தொகையின்படி மாநிலங்கள் வரையலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் ஒத்துத் தீர்ப்பளித்தனர். வாக்களிப்போருக்கு மட்டுமன்றி வசிப்போர் அனைவருக்கும் பிரதிநிதிகள் தொண்டாற்றுகின்றனர் என்பதை நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எடுத்துரைத்தார். எனவே இது தீர்ந்த செய்தியன்று, வழக்காடப்படும் செய்தி.

தேர்வறையின் காட்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். உறுதியேற்கும் வரை விண்ணப்பதாரர் குடிமகன் அல்லர். ஆண்டுக்கணக்கில் வரி செலுத்தி அம்மாநிலத்தில் வாழ்ந்த அவர், செனட்டர் தமக்குப் பிரதிநிதி அல்லர் என்பதைத் தம் வாயாலேயே சரியான விடையாகக் கூற வேண்டியிருந்தது. கூறினால்தான் மதிப்பெண். நிரந்தர வசிப்புரிமைக்கு நெடுங்காலம் காத்திருக்கும் நம்மவர் எத்தனை பேர் என்பதை அறிந்த அவையில் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

தன்மைப் பன்மை

55 வயது நிரம்பி, நிரந்தர வசிப்புரிமையுடன் 15 ஆண்டுகள் இங்கு வாழ்ந்தோரும், 50 வயதும் 20 ஆண்டுகளும் நிறைந்தோரும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குப் பெற்று, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தம் தாய்மொழியிலேயே விடையளிக்கலாம். ஆகவே இப்பட்டியலுக்குத் தமிழ் வாழ்வொன்றும் உண்டு. தன்னார்வலர் சிலர் ஆக்கிய தமிழ்ப்படியைக் கொண்டு முதியோருக்குப் பயிற்சி அளித்தவர்களுள் யானும் ஒருவன்.

மூன்றாம் வினா, தன்னாட்சி என்னும் கருத்து அரசமைப்புச் சட்டத்தின் முதல் மூன்று சொற்களில் உள்ளது, அவை யாவை என்பது. ‘வீ த பீப்பிள்’ என்பதை எங்கள் படி ‘மக்களாகிய நாம்’ என்று தந்திருந்தது. இந்திய அரசமைப்பு முகப்புரையின் தமிழாக்கத்தில் ‘நாம்’ என்று கேட்டுப் பழகிய செவிக்கு அது இயல்பாகவே ஒலித்தது. அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் அவ்விடத்தில் நிறுத்தி, “தம்பி, இது நாமா, நாங்களா? எழுதினவங்க நம்மளையும் சேத்துச் சொல்றாங்களா?” என்று கேட்டார்.

ஆங்கிலச் சொல் இவ்வேறுபாட்டைக் காட்டாது. முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ என்னும் இரண்டனுள் ஒன்றைத் தமிழ் தேர்ந்தே ஆகவேண்டும். மொழிபெயர்ப்பாளன் இங்கு வரலாற்றறிஞனாகவும் நிற்கிறான். 1787இன் தன்மைப் பன்மை, அடிமைகளைத் தொகுதிக் கணக்கில் ஐந்தில் மூன்று பங்காக எண்ணிய பன்மை. 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் பேசிய டக்ளஸ், விடுதலை நாளைக் கேட்போரின் நாளாக முன்னிலையில் வைத்துப் பேசினார். தம்மை அதனுள் சேர்க்கவில்லை. அவர் உரையைத் தமிழாக்குவோர் அமெரிக்கரின் பன்மையை ‘நாங்கள்’ என்றே கொள்ள நேரும். 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி ரோஜர் டானி, ஆப்பிரிக்க வழிவந்தோர் குடிமக்களாக முடியாதென்று அப்பன்மையை இறுக்கிக் கட்டினார். உள்நாட்டுப் போருக்குப் பின், 1868இல் 14ஆம் திருத்தம் அக்கட்டை அவிழ்த்தது.

நம் கதையும் இதனுள் அடங்கும். 1790ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை ஏற்கும் தகுதியைச் சுதந்திரமான வெள்ளை இனத்தவருக்கே அளித்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் தொடர்பான 1923ஆம் ஆண்டு வழக்கில், இந்தியர் அத்தகுதிக்கு உரியர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஏற்கெனவே குடிமக்களாயிருந்த இந்தியர் சிலரின் குடியுரிமையும் அதன்பின் பறிக்கப்பட்டது. 1946இன் லூஸ்–செல்லர் சட்டம்தான் இந்தியருக்கு வழிதிறந்தது. அதுவும் ஆண்டுக்கு 100 பேர் குடிபுகலாம் என்னும் அளவோடு. படைப்பணி ஆற்றியோர் போன்ற அரிய விலக்குகள் நீங்கலாக, அவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே ஓர் இந்தியத் தமிழர் இத்தேர்வுக்கு அமர்ந்திருக்கவே இயலாது. அம்மையாரின் கேள்வி மொழிபற்றியது மட்டுமன்று என்பதை எனக்கு உணர்த்தியது இவ்வரலாறுதான். நூறு அறிவினாக்களுக்கிடையே அன்று எழுந்த ஒரே அறியாவினா அது. என்னிடம் அச்சிட்ட விடை இல்லை.

பட்டியலுக்காக ஒரு வாதம்

அப்படியாயின் மனப்பாடத்தை ஒழித்துப் பொருள்விளக்கம் கேட்கும் தேர்வை வைக்கலாமே எனத் தோன்றலாம். வரலாறு இதற்கு எதிர்ச்சான்று தருகிறது. 1890இல் மிசிசிப்பி இயற்றிய மாநில அரசமைப்பு, வாக்காளராகப் பதிய விரும்புவோர் அச்சட்டத்தின் எப்பிரிவையும் படிக்கவோ, படிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ளவோ, தக்க விளக்கம் தரவோ வல்லவராதல் வேண்டும் என விதித்தது. தக்க விளக்கம் எது என்பதைத் தீர்மானித்தவர் பதிவு அலுவலர். கறுப்பின மக்களின் வாக்குரிமை பல பத்தாண்டுகள் இவ்வழியில் மறுக்கப்பட்டது. 1965இன் வாக்குரிமைச் சட்டம் தென்மாநிலப் பகுதிகளில் இத்தகைய தேர்வுகளை நிறுத்தியது. பின்வந்த திருத்தங்கள் நாடு முழுமைக்கும் அத்தடையை விரித்து நிலைப்படுத்தின.

சிந்தனையை அளக்கும் அதிகாரம் அலுவலர் கையில் சேரும்போது, அளவுகோல் எளிதில் வாயிற்கதவாகிவிடும். அச்சிட்ட விடைகொண்ட பட்டியல் எளிய விண்ணப்பதாரருக்கு ஓர் அரண். எவர் கேட்டாலும் விடை ஒன்றே. அலுவலரின் விருப்புவெறுப்புக்கு அங்கு இடம் குறைவு. பட்டியலைக் குறைகூறத் தொடங்கிய யான் இந்த இடத்தில் அதற்காக வாதாட வேண்டியவனாகிறேன். திருத்த வேண்டியது அதன் வடிவத்தையன்று. 74ஆம் வினாவின் விடை போன்றவற்றையும், ஆட்சிதோறும் விடையை மாற்றும் வழக்கத்தையும்தான். வேறொரு பிழை நம்முடையது. அதனை மனப்பாடம் செய்து முடித்ததையே குடிமையறிவு பெற்றதாகக் கொள்கிறோம்.

ஐயவினாவின் இடம்

குடிமக்களுக்கு மட்டுமே உரிய பொறுப்பு ஒன்றைக் கேட்கும் 49ஆம் வினாவுக்கு ஜூரியில் அமர்தல், கூட்டாட்சித் தேர்தலில் வாக்களித்தல் என விடைகள் உள்ளன. இவ்விரண்டும் வேண்டுவது மனப்பாடத்தை அன்று. ஜூரி முறையை எந்நேரமும் திறந்திருக்கும் பொதுப்பள்ளி போன்றதெனப் பிரெஞ்சு அறிஞர் தொக்வில் 19ஆம் நூற்றாண்டிலேயே கணித்தார். அப்பள்ளியின் பாடம் ஐயம். குற்றவழக்கில் நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் நிறுவப்பட்டதா என்பதே ஜூரியின் முன்னுள்ள வினா. கடுங்குற்ற வழக்குகளில் ஜூரியின் முடிவு ஒருமித்ததாதல் வேண்டும் என்பதை, ராமோஸ் எதிர் லூசியானா வழக்கின்வழி 2020இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கும் உரியதாக்கியது. தகுந்த ஐயமுடைய ஒருவர் ஏனையோரை நிறுத்திவைக்க முடியும். கட்டையா மனிதனா என்று இருளில் தயங்குவோனை ஐயவினாவுக்கு எடுத்துக்காட்டாக்கினர் நம் உரையாசிரியர்கள். நீதிமன்றத்தில் அத்தயக்கம் கடமையாகிறது.

வாக்களிப்பும் அத்தகையதே. கலிபோர்னியாவில் மக்கள் வாக்குக்கு விடப்படும் முன்மொழிவுகளுக்காக மாநில அரசு ஒரு கையேட்டை வாக்காளர் வீடுகளுக்கு அனுப்புகிறது. ஆதரவு வாதம், எதிர்ப்பு வாதம், ஒவ்வொன்றுக்கும் மறுப்பு, கட்சிசாரா ஆய்வாளரின் விளக்கம் ஆகியன அதில் அடுத்தடுத்து அச்சாகின்றன. விடை அச்சாவதில்லை. பரபக்கம், சுபக்கம் என்று பிறர்கோள் கூறி மறுத்துத் தன்கோள் நிறுவும் நம் தருக்க நூல்களில் பயின்றோர்க்கு இக்கையேடு அந்நியமாகாது. குடியுரிமைப் பயிற்சி நடத்தும் தமிழ் அமைப்புகளும் தமிழ்ப்பள்ளிகளின் உயர்வகுப்புகளும் வினாப்பட்டியலோடு இக்கையேட்டின் ஒரு முன்மொழிவையும் பாடமாக வைக்கலாம். மாணவர் முதலில் தமக்கு உடன்பாடற்ற பக்கத்தின் வாதத்தைத் தமிழில் எழுதிக்காட்ட வேண்டும் என்பது என் வகுப்பில் கடைப்பிடிக்கும் முறை. பெற்றோர் சிலர் இதனை வீண்வேலை என்றனர். ஒருவர், தாம் எதிர்க்கும் கட்சிக்குத் தம் மகள் ஆள் சேர்ப்பதாகவே முறையிட்டார்.

அம்மையார் தேர்வில் தேறினார். மூன்றாம் வினா அவரிடம் கேட்கப்படவில்லை. அடுத்த பதிப்பில் எங்கள் தமிழ்ப்படியின் அவ்விடத்தில் ‘நாம் / நாங்கள்’ என இரண்டையும் அச்சிட்டோம். மொழிபெயர்ப்பாளராகச் செல்லும் நண்பர் ஒருவர், அலுவலர் முன்னிலையில் இரண்டையும் சொல்ல இயலாது, ஒன்றைத் தெரிவு செய்து தருக என்கிறார். அவரிடம் ‘நாம்’ என்றே சொல்லியிருக்கிறோம். படியில் இரண்டும் இருக்கின்றன.