பேரரசரும் வாயிற்காவலரும்: திரையில் உரோமர், தமிழில் யவனர்

முன்னுரை

வரலாற்றுத் திரைப்படங்களில் பண்டைய உரோமர் பேரரசராகவும் படைத்தலைவராகவும் வருகின்றனர். பழந்தமிழ் நூல்களில் யவனர் வணிகராகவும் காவலராகவும் வருகின்றனர். யவனர் என்னும் சொல் முதலில் கிரேக்கரையும், பின்னர் உரோமப் பேரரசிலிருந்து வந்த மேலைநாட்டாரையும் குறித்தது. இவ்விரு சித்திரிப்புகளையும் போடிநாயக்கனூருக்கு மேற்கே உயரும் ஏலமலைச் சரிவிலிருந்து ஒருங்கே நோக்கினால், இவ்வகைப் படங்களின் அடிப்படைக் குறை புலப்படும்.

பிழையும் விடுபாடும்

ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘கிளாடியேட்டர்’ (2000) படத்தில் கொமோடஸ் தன் தந்தை மார்க்கஸ் அரேலியஸைக் கொன்று அரியணை ஏறுகிறான். இறுதியில் போர்க்களரியில் மாய்கிறான். வரலாற்றிலோ அவன் கி.பி. 177 முதலே தந்தையோடு இணையரசன். தந்தை 180இல் நோயுற்று இறந்தார் என்பதே பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. கொமோடஸ் 192இன் இறுதி நாளில் நார்சிசஸ் என்னும் மல்லனால் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டான்.

திறனாய்வு பெரும்பாலும் இத்தகைய பிழைகளைப் பட்டியலிடுவதோடு அமைந்துவிடுகிறது. கதைக்காக நிகழ்ச்சியை மாற்றுதல் காப்பிய மரபுக்கும் உரியதே. படத்தின் பெருங்குறை விடுபாட்டில் உள்ளது. டொமிஷியன் காலத்தில் (கி.பி. 81–96) உரோம் நகரின் நடுவே மிளகுக் கிடங்கு எழுப்பப்பட்டது. கொமோடஸ் மாண்ட அதே 192இல் மூண்ட பெருந்தீ அப்பகுதிக் கிடங்குகளை அழித்தது. படம் காட்டும் உரோமில் பளிங்கும் குருதியும் உண்டு, மிளகு இல்லை. பேரரசின் வளத்திற்குக் கடல் கடந்த மறுகரை ஒன்று இருந்ததைப் பார்வையாளர் அறிய வழியில்லை.

மலையும் வாயிலும்

அம்மறுகரையைத் தமிழ் நூல்கள் காட்டுகின்றன. அகநானூற்று 149ஆம் பாடலில் யவனர் மரக்கலம் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு மீள்கிறது. அப்பாடல் சுட்டும் சுள்ளி, பெரியாறு எனக் கருதப்படுகிறது. ஏலமலையின் மேற்குச் சரிவு நீர் அப்பெரியாற்றைச் சேர்கிறது. கிழக்கே, போடியில் ஓடும் கொட்டக்குடி ஆறு வைகையோடு கலந்து மதுரையை நோக்குகிறது.

அம்மதுரையின் கோட்டை வாயிலைக் காப்பவர் யவனர் என்கிறது சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை. கோவலன் அவர்கள் ஐயுறாதவாறு நகருள் புகுகிறான். அதே காப்பியம், மலைக்குறவர் கண்ணகியைக் கண்ட செய்தியோடு வஞ்சிக் காண்டத்தைத் தொடங்குகிறது. கூடலூரை அடுத்த எல்லைமலையிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் அந்நிகழ்வோடு மரபாக இணைக்கப்படுகிறது. ஆக, யவனரும் இம்மலைத்தொடரும் ஒரே காப்பியத்துள் இடம்பெறுகின்றனர்.

தமிழ்த் திரையின் தேர்வு

‘கண்ணகி’ (1942), ‘பூம்புகார்’ (1964) ஆகிய படங்கள் இக்காப்பியக் கதையைத் தழுவின. அவற்றில் யவனக் காவலர் கதைமாந்தராக வளரவில்லை. சிவாஜி கணேசன் நடித்த ‘சொர்க்கம்’ (1970) படத்தில் ஜூலியஸ் சீசர் நாடகக் காட்சி இடம்பெற்றது. அச்சீசர் ஷேக்ஸ்பியர் வழியாக, ஆங்கிலக் கல்வி வழியாக வந்தவர். புதினத்தில் சாண்டில்யன் ‘யவன ராணி’யைப் படைத்தார், சங்கப் பாடல்களில் யவன அரசி எவருமில்லை. இரவல் கொண்டாலும் புனைந்தாலும், முடி சூடிய யவனரையே தமிழ்க் கற்பனை நாடியுள்ளது.

வாயிற்காவலர் பற்றிய சான்று ஓரிரு அடிகளே என மறுக்கலாம். எனினும் முல்லைப்பாட்டில் யவனர் பாசறை காக்கின்றனர். நெடுநல்வாடையில் யவனர் செய்த விளக்கு ஒளிர்கிறது. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகத்தில் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனிடம் சிறைப்பட்டு அவமதிக்கப்படுகின்றனர். இறுதிச் சான்று தமிழ்ப் பெருமிதத்திற்கும் ஓர் எச்சரிக்கை: உரோமப் புகழுக்கு மாற்றாகச் சேரர் புகழை வைப்பதால் சித்திரிப்பு நேர்மையாகிவிடாது.

முடிவுரை

உரோமைப் பேரரசரின் கண்வழி காணும் திரைப்படம், அதன் செல்வத்தை விளைவித்தோரை மறைக்கிறது. இன்று ஏலக்காய் வணிகத்தால் அறியப்படும் போடியும் அதன் மலைச்சரிவும் படப்பிடிப்புக்குப் பழகிய நிலங்கள். கூலிக்கு வாள் ஏந்தி அயல்நகர் வாயிலில் நிற்கும் ஒரு யவனனையும், மலையிலிருந்து மிளகு இறக்கும் ஒரு குறவனையும் எதிரெதிர் நிறுத்தும் தழுவல், பேரரசு எதனால் இயங்கியது என்பதைக் ‘கிளாடியேட்டர்’ படத்தைவிடத் தெளிவாக உணர்த்தக்கூடும். அதற்கான மூலம் தமிழிலேயே உள்ளது.