போராளியா, வைராக்கியனா? சீமோனின் அடைமொழி பற்றிய ஓர் ஆய்வு

பன்னிரு சீடருள் ஒருவனான சீமோனின் அடைமொழியை 1871-ஆம் ஆண்டின் தமிழ்த் திருப்புதல் மத்தேயுவிலும் மாற்குவிலும் "கானானியன்" என்றும், லூக்காவில் "செலோத்தே" என்றும் தருகிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் "தீவிரவாதி" என்கிறது. பிரசங்கங்களில் "போராளி" என்பதும் வழங்குகிறது. இவற்றுள் தக்கது எது?

"கானானியன்" நம்மைக் கானான் நாட்டுக்கு வழிதவறச் செய்கிறது. மூலமோ பக்தி வைராக்கியத்தைக் குறிக்கும் அரமேயச் சொல். லூக்கா அதன் பொருளையே கிரேக்கத்தில் தந்தார். "தீவிரவாதி" என்பதில் இன்று காவல்துறை அறிக்கையின் வாடை வீசுகிறது. மேலும், செலோத்தர் என்னும் ஆயுதக் கட்சி யோசேப்பஸின் வரலாற்றில் அப்பெயரோடு தெளிவாகத் தோன்றுவது கி.பி. 66-இல் மூண்ட யூதப் போரிலேயாம். சீமோன் அழைக்கப்பட்டதோ அதற்கு 30 ஆண்டுகளுக்கும் முன்பு.

"போராளி" என்பது எத்தகையது? தொழிலாளி, கடனாளி, நோயாளி என்பவற்றைப் போல, இச்சொல்லும் ஒருவனது நிலையைக் கூறுமேயன்றி, அவனது நோக்கத்தைக் கூறாது. ஈழத்தில் ஆயுதம் ஏந்தியோரை ஆதரவாளர் போராளிகள் என்றனர். அரசு பயங்கரவாதிகள் என்றது. சொல்லைத் தெரிந்தெடுக்கும்போதே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. இன்றோ ஆயுதம் தொடாத மொழிப் போராளியும் சூழலியல் போராளியும் உளர்.

நோக்கமே ஆளை வேறுபடுத்துகிறது என்பதற்கு ஆரணியே சான்று. 1751 டிசம்பரில் அங்கு நடந்த போரில் கிளைவ் வென்றபின், பிரெஞ்சுத் தரப்பில் நின்ற சிப்பாய்களுள் சுமார் 600 பேர் அவன் படையிலேயே சேர்ந்தனர். அவர்கள் வீரர்களே, ஆயினும் கூலி மாறியதும் கொடியும் மாறிற்று. தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியபோது சுட்டிய போர்ச்சேவகனோ தன்னைச் சேவகம் எழுதிக்கொண்டவருக்கே உரியவன்.

ஆகவே, "வைராக்கியன்" என்பதே சீமோனுக்குப் பொருந்தும். அப்போஸ்தலர் 22-இல் பவுல் தன் முன்னிலையைச் சொல்லும் இடத்திலும் கிரேக்க மூலத்தில் இதே சொல் நிற்க, நம் திருப்புதல் அங்கே வைராக்கியம் என்றே பெயர்த்துள்ளது. அந்த வைராக்கியமே சபையைத் துன்புறுத்தியது என்பதையும் மறவாதிருப்போம். வைராக்கியம் தன்னளவில் நற்பண்பாகாது. அழைத்தவரிடத்தில் அது திருத்தம் பெறவேண்டும்.

ஆரணியில் கூலி உயர்வு கேட்டு நிற்கும் பட்டு நெசவாளியும் போராளியே. அவன் அமர்ந்திருக்கும் சபையில் இயேசுவைப் போராளி என்று அறிவிக்கும் போதகர், எதற்காக, எந்த ஆயுதத்தால், யாருடைய இரத்தம் சிந்த என்னும் மூன்றையும் உடன் சொல்லக் கடவர். சொல்லாது விடின், கேட்பவர் தத்தம் கொடியை அச்சொல்லின்மேல் ஏற்றிக்கொள்வர், சிலுவை மறைந்துபோகும்.