கைக்கெட்டும் புதிர்கள்: மெய்நிகர் உலகின் குறுவிளையாட்டுகள்

வீடியோ கேம் உலகில் நீளம் ஒரு பெருமை. நாற்பது மணி நேரம், நூறு மணி நேரம் என்று சொல்லித்தான் விளம்பரமே செய்கிறார்கள். அப்படியிருக்க, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் மெய்நிகர் (விஆர்) புதிர் விளையாட்டுக்குக் காசு கொடுப்பானேன் என்ற கேள்வி எழுவது இயல்புதான். ஆனால் கடந்த பத்தாண்டுகளில், தலையில் அணியும் விஆர் ஹெட்செட்டுகளுக்கென்று உருவான படைப்புகளில், கலை என்று தயங்காமல் சொல்லத்தக்கவை பலவும் இந்தச் சிறிய வகையைச் சேர்ந்தவையே. குறுமை இவற்றின் குறையல்ல, இந்த ஊடகத்துக்கு மிகப் பொருத்தமான வடிவம் என்பதே என் கருத்து.

உடலே கருவி

இந்த மரபின் வேர் விளையாட்டில் இல்லை, கலைக்கூடத்தில் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த கலைஞர் சார் டேவிஸ் 1995இல் 'ஆஸ்மோஸ்' என்ற மெய்நிகர் படைப்பை உருவாக்கினார். மூச்சை உள்ளிழுத்தால் மேலே மிதக்கலாம். வெளியே விட்டால் கீழே அமிழலாம். அதில் புதிரும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. பொத்தானை அழுத்துவதற்குப் பதிலாக உடலையே கருவியாக்கலாம் என்பதை அது காட்டியது.

இருபது ஆண்டுகள் கழித்து, 'மான்யுமென்ட் வேலி' விளையாட்டை உருவாக்கிய லண்டனின் அஸ்டூ நிறுவனம் 'லேண்ட்ஸ் எண்ட்' விளையாட்டை வெளியிட்டது. கைபேசியைச் செருகி அணியும் சாம்சங் கியர் விஆருக்காக 2015இல் வந்தது அது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது மட்டுமே அந்தக் கருவிக்குத் தெரியும். கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. எனவே பார்வையையே கையாக்கினார்கள். பாறையில் ஒளிரும் புள்ளிகளைக் கண்ணால் தொடுத்தால் கோடு பிறக்கிறது. உற்றுப் பார்த்தால் கல் எழுந்து மிதக்கிறது. கருவியின் போதாமையே விளையாட்டின் அழகானது.

கலங்கரை விளக்கத்துக்குள் கலங்கரை விளக்கம்

இந்த வகையின் உச்சமாக நான் கருதுவது 'ஏ ஃபிஷர்மேன்ஸ் டேல்'. பிரான்சின் இன்னர்ஸ்பேஸ் விஆர் குழு உருவாக்கிய அது 2019இல் வந்தது. அதில் நாம் பாப் என்ற மீனவன், ஒரு மரப்பொம்மை. அவன் வசிக்கும் கலங்கரை விளக்கத்தின் நடு அறையில், அதே கலங்கரை விளக்கத்தின் சிறு மாதிரி ஒன்று இருக்கிறது. அதன் கூரையைத் தூக்கினால் உள்ளே இன்னொரு பாப் நிற்கிறான். நாம் கையசைத்தால் அவனும் அசைக்கிறான். அண்ணாந்து பார்த்தால் நம் தலைக்கு மேலும் கூரை திறந்திருக்கிறது. அங்கே மலையளவு பாப் ஒருவன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். அவனும் நாமே.

புதிர்கள் இதிலிருந்தே பிறக்கின்றன. கையிலுள்ள பொருளை மாதிரிக்குள் போட்டால், அதுவே பூதாகரமாகி நம் அறைக்குள் மேலிருந்து விழுகிறது. அந்தப் பெரிய பாப்பின் கை நம் பின்னால் இறங்கும்போது உடம்பு தானாகச் சிலிர்க்கிறது. அறைக்குள் அறை என்ற கற்பனை கதைகளுக்கும் ஓவியங்களுக்கும் பழையதுதான். ஆனால் குனிந்தும் நிமிர்ந்தும் கழுத்தை வளைத்தும் அதை அறிவது புதிது. அறிவு விடையைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே உடல் அதை உணர்ந்துவிடுகிறது. தட்டைத் திரையில் இதே புதிரை வைத்தால் அது வெறும் தர்க்கக் கணக்காகிவிடும்.

அளவோடு விளையாடும் இன்னொரு படைப்பு 'கோஸ்ட் ஜயன்ட்'. சுவீடனின் சோயிங்க் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. லூயி என்ற சிறுவனின் கண்ணுக்கு மட்டும் தெரியும் பேருருவ ஆவி நாம். வீட்டுக் கூரைகளை நீக்கலாம், சுவர்களைத் திருப்பலாம். ஆனால் மனச்சோர்வில் படுத்துவிட்ட அவன் தாயை எழுப்ப முடியாது. எல்லாம் கைக்கெட்டும் உயரத்திலிருந்தும் கையாலாகாத நிலை. இந்த வேதனையை வசனத்தைவிட அந்த உயரமே அழுத்தமாகச் சொல்கிறது.

2022இல் வந்த 'தி லாஸ்ட் கிளாக்வைண்டர்' வேறொரு வழியில் போகிறது. நாம் செய்யும் சிறு அசைவை ஓர் இயந்திரப் பொம்மை அப்படியே பதிந்துகொண்டு ஓயாமல் திரும்பச் செய்யும். பழத்தைப் பறித்து எறிய ஒன்று, பிடிக்க ஒன்று, வெட்ட ஒன்று என்று ஆள் சேர்க்கிறோம். சற்று நேரத்தில் நம் தயக்கம், தோள் சாய்வு, கை வீச்சு எல்லாம் சுற்றிலும் பல உருவங்களாக ஆடிக்கொண்டிருக்கும். தன் உடலின் இயல்பைத் தானே நின்று பார்க்கும் அனுபவம் இது.

ஏன் குறுமை?

முதற்காரணம் உடல். குவெஸ்ட் 2 ஹெட்செட்டின் எடை 503 கிராம். மின்கலம் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். கண் நகர்வதாகச் சொல்ல, உள்காது அசையவில்லை என்று மறுக்கும்போது பலருக்குக் குமட்டல் வருகிறது. புதிர் விளையாட்டில் பெரும்பாலும் ஓரிடத்தில் நின்று கையருகே உள்ளதைக் கையாள்கிறோம். எனவே இந்தத் தொல்லை குறைவு.

இரண்டாவது, எண்ணத்தின் ஆயுள். இந்த விளையாட்டுகள் ஒரே ஓர் அபூர்வக் கற்பனையின் மீது நிற்கின்றன. அதை நீட்டினால் வியப்பு பழக்கமாகிவிடும். 2023இல் வந்த 'அனதர் ஃபிஷர்மேன்ஸ் டேல்' முந்தையதைவிட நீளமானது. தலையையும் கைகளையும் கழற்றி அனுப்பும் புதிய உத்தி அதில் உண்டு. ஆனாலும் முதல் கதையின் இறுக்கம் அதில் கூடிவரவில்லை.

மூன்றாவது, சிறு குழுக்களின் சுதந்திரம். வண்ணத் துண்டுகளை ஒரு வடிவுக்குள் பொருத்தும் 'கியூபிசம்' 2020இல் வெளியானது. தாமஸ் வான் பௌவெல் என்ற ஒரே ஒருவரின் உழைப்பு அது. அதில் கதையோ அலங்காரமோ இல்லை. வெளியும் வடிவமும் கையும் மட்டுமே.

இத்தகைய படைப்புகளுக்குச் சந்தை உதவுவதில்லை. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில், வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நுகர்வோருக்கு நல்ல விதிதான். ஆனால் ஒன்றரை மணி நேரப் படைப்பை முழுதும் அனுபவித்துவிட்டுக் காசையும் திரும்பப் பெற முடியும் என்பதால், அடி விழுவது சிறு படைப்பாளிக்குத்தான்.

பக்கங்களை எண்ணி யாரும் புதுமைப்பித்தனின் சிறுகதையை மதிப்பிடுவதில்லை. அதே நியாயத்தை இந்தப் புதிய கலைக்கும் வழங்குவோம். நண்பர் வீட்டிலோ கண்காட்சியிலோ ஹெட்செட் கைக்குக் கிடைத்தால், சண்டை விளையாட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் 'ஏ ஃபிஷர்மேன்ஸ் டேல்' விளையாடிப் பாருங்கள். பிடித்திருந்தால் விலை கொடுத்து வாங்குங்கள். அடுத்த படைப்பு வருவதற்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.