பெயர் போடாத கை

பாரிவாக்கம் சந்திப்பில் பூந்தமல்லி பஸ்ஸுக்கு நிற்கிறவன் சும்மா இருக்க வேண்டியதில்லை. படிப்பதற்கு எதிரே பேனர்கள் இருக்கின்றன. காதுகுத்து, பிறந்தநாள், வட்டச் செயலாளர் பதவி, கண்ணீர் அஞ்சலி. எதுவானாலும் வாழ்த்து இரண்டு வரிதான். 'இவண்' என்று போட்டு அதற்குக் கீழே முப்பது பெயர், முப்பது முகம். எனக்குப் பிடித்த அரசியல் எழுத்து இதற்கு நேர் எதிர்ச் சாதி. அதற்குத் தலையங்கம் என்று பெயர். கீழே கையெழுத்து கிடையாது, படம் கிடையாது. ஆனாலும் பழகிய வாசகனுக்கு நாலாவது வரியில் ஆள் தெரிந்துவிடும். அந்த வித்தையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சொல்ல வைத்தவள் மேல்வீட்டுப் பெண். மெயின்ஸுக்குப் படிக்கிறாள். நான் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், எழுதிய விடைகளை வாரத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து கொடுப்பாள். அன்றைய கேள்வி, அமெரிக்காவில் முதல் கட்சிகள் தோன்றிய கதை. இரண்டு பத்தி கட்டியிருந்தாள். இந்தப் பக்கம் ஹாமில்டன், வங்கி, தொழில், வலுவான மைய அரசு. அந்தப் பக்கம் ஜெஃபர்சன், உழவு, மாநில உரிமை. பிழை ஒன்றும் இல்லை.

"யார் எழுதினாலும் இப்படித்தாம்மா இருக்கும்" என்றேன்.

"மார்க் வந்துடும் சார்."

வரும். அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கதையில் சாறு இருக்கிற இடம் வேறு.

1787இல் பிலடெல்பியாவில் அரசமைப்பை எழுதி முடித்தார்கள். அதை மாநிலங்கள் ஏற்க வேண்டும். நியூயார்க்கில் எதிர்ப்பு பலம். அக்டோபர் 27இல் அங்கே ஒரு பத்திரிகையில் 'பப்ளியஸ்' என்ற ரோமானியப் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக மொத்தம் 85. முகமூடிக்குப் பின்னால் மூன்று பேர்: ஹாமில்டன், மாடிசன், ஜான் ஜே. எதிர்த்து எழுதியவர்களும் சளைத்தவர்கள் அல்ல. 'புரூட்டஸ்', 'கேட்டோ' என்று அவர்களும் ரோமாபுரியிலிருந்தே பெயர் எடுத்துக்கொண்டார்கள். அந்த அரசமைப்பில் அரசியல் கட்சி என்ற பேச்சே இல்லை. கட்சி கட்டுவது நோய் என்று நினைத்த காலம். பத்தாவது கட்டுரையில் மாடிசன் அந்த நோயைத்தான் எடுத்துக்கொள்கிறார். அதை ஒழிக்க முடியாது, நாடு பெரிதாக இருந்தால் எந்த ஒரு கும்பலும் தனியாக ஆள முடியாமல் போகும் என்பது அவர் கணக்கு.

ஆறே வருஷம். வாஷிங்டன் 1793இல் ஐரோப்பியப் போரில் நடுநிலை என்று அறிவித்தபோது, ஹாமில்டன் 'பசிஃபிகஸ்' என்ற பெயரில் ஆதரித்து எழுதினார். 'ஹெல்விடியஸ்' என்ற பெயரில் மறுத்தவர் மாடிசன். ஒரே முகமூடிக்குள் இருந்த இரண்டு பேர், ஆளுக்கொரு முகமூடி போட்டுக்கொண்டு மோதினார்கள். அதற்குள் இரு தரப்புக்கும் தாள்கள் வந்துவிட்டன. ஹாமில்டன் பக்கம் ஃபென்னோவின் கெஜட். மறுபக்கம் ஃபிரெனோ என்ற கவிஞரின் நேஷனல் கெஜட். ஃபிரெனோவுக்கு ஜெஃபர்சனின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை வேறு. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டிய பத்திரிகை என்று அதைச் சொல்லலாம். அங்கே தாள் முன்னால் போனது, கட்சி பின்னால் வந்தது.

"நம்ம ஊர்லயும் அப்படியா சார்?" என்று கேட்டாள். நம் ஊரில் அதற்கும் ஒருபடி மேல். 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் பிராமணரல்லாதார் அறிக்கையை வெளியிட்டார். அமைப்புக்கு வைத்த பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். 1917 பிப்ரவரி 26இல் டி.எம். நாயரை ஆசிரியராகக் கொண்டு 'ஜஸ்டிஸ்' என்ற ஆங்கில நாளிதழ் தொடங்கியது. சங்கத்தின் நீளமான பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. தாளின் பெயர் கட்சிக்கு ஒட்டிக்கொண்டது: ஜஸ்டிஸ் கட்சி, நீதிக்கட்சி. 1920இல் இரட்டை ஆட்சி முறையில் சென்னை மாகாணத்துக்கு நடந்த முதல் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணிக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களில் 63 இந்தக் கட்சிக்கு. பெண்களுக்கு ஓட்டுரிமை, வகுப்புவாரி அரசாணை இரண்டும் அடுத்த ஆண்டே வந்தன.

எதிர்த்தரப்புக்கும் ஒரு தாள் வேண்டுமே. 1917 டிசம்பர் 7இல் 'தேசபக்தன்' வந்தது. வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த திரு.வி. கலியாணசுந்தரனார் வேலையை விட்டு அந்த ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பிறந்த துள்ளம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. போரூருக்கு அடுத்து, இன்றைக்குத் தண்டலம். மாங்காடு வழியாக வண்டியில் போனால் அரை மணி நேரம். ஊர்ப்பாசத்தால் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்: தமிழில் தலையங்கத்தைக் கலையாக்கியவர் அவர்தான். சுதேசமித்திரனில் ஜி. சுப்பிரமணிய ஐயர் அதற்கு முன்பே பாதை போட்டிருந்தார், பாரதி 'இந்தியா'வில் தீ வைத்திருந்தார். ஆனால் அன்றாடம் காலையில் படிக்கத்தக்க, மேடையில் அப்படியே எடுத்துப் பேசத்தக்க ஓர் அரசியல் நடை திரு.வி.க.வின் கையில்தான் உட்கார்ந்தது.

அந்த நடையைக் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். வாக்கியம் சின்னது. எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி. பிறகு ஒரு வினா. வினாவுக்கு உடனே விடை. விடையிலிருந்து அடுத்த வினா. இதை அவர் இங்கிலீஷ் பத்திரிகை பார்த்துப் பழகினார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. யாழ்ப்பாணத்துக் கதிரைவேற் பிள்ளையிடம் தமிழ் படித்தவர், பெரியபுராணத்துக்குக் குறிப்புரை எழுதியவர். நம் உரையாசிரியர்கள் ஒரு சூத்திரத்தைப் பிரித்து, 'என்னை?' என்று தாங்களே தடைபோட்டு, 'எனின்' என்று தாங்களே விடுவிப்பார்கள். அந்தத் தாளம்தான் இது. சூத்திரம் இருந்த இடத்தில் ரௌலட் சட்டத்தையும் ஆலைத் தொழிலாளியின் கூலியையும் வைத்தார். 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தவர், பெரம்பூர் ஆலைக்காரர்களுக்குப் புரியும்படி பேச வேண்டியிருந்தது. புலவர் நடை தெருவுக்கு இறங்கியும் வேட்டி அழுக்காகவில்லை.

இன்னொரு குணம்: எதிராளியின் வாதத்தை முதலில் ஒழுங்காக எடுத்து வைப்பார், எதிராளியே தலையாட்டும் அளவுக்கு. பிறகுதான் மறுப்பு. இதில் நடுநிலை ஒன்றும் கிடையாது, அவர் முழுக்கக் கட்சிக்காரர். கேலி செய்தால் எதிராளி திரும்ப வரமாட்டான், மரியாதை கொடுத்தால் அடுத்த நாளும் படிப்பான் என்கிற சூட்சுமம் அது. குறையும் உண்டு. இனிப்பு சில சமயம் திகட்டும். இயற்கை, பெண்மை என்று தொடங்கினால் ஒரே கருத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். அந்தப் பக்கங்களை நான் தாண்டிவிடுவதுண்டு.

பெயரில்லாத எழுத்துக்கு விலையும் இருந்தது. அமெரிக்காவில் ஹாமில்டன் கட்சிக்காரர்களே 1798இல் ராஜத்துரோகச் சட்டம் கொண்டுவந்து எதிர்த்தரப்புப் பத்திரிகைக்காரர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். வெர்மான்ட்டைச் சேர்ந்த மாத்யூ லயன் சிறையில் இருந்தபடியே காங்கிரசுக்குத் தேர்வானார். இங்கே, திரு.வி.க. 1920இல் விலகி 'நவசக்தி' தொடங்கிய பிறகு தேசபக்தனுக்கு வ.வே.சு. ஐயர் ஆசிரியர். 1921இல் வந்த ஒரு தலையங்கத்துக்காக ஒன்பது மாதம் பெல்லாரிச் சிறை. அந்தத் தலையங்கத்தை எழுதியது அவர் இல்லை. ஆசிரியர் தானே என்று வாங்கிக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்து கம்பராமாயண ஆராய்ச்சி எழுதினார். 'இவண்' போடாதவர்களின் காலம் அது.

பப்ளியஸ் கதைக்கு ஒரு வால் இருக்கிறது. பின்னாளில் ஹாமில்டன் ஒரு பட்டியல் வைத்தார், மாடிசன் ஒரு பட்டியல் வைத்தார். 12 கட்டுரைகளை இரண்டு பேரும் தங்களுடையது என்றார்கள். நூற்றைம்பது வருஷம் அறிஞர்கள் கருத்தையும் கொள்கையையும் வைத்துச் சண்டை போட்டுத் தீரவில்லை. 1964இல் மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியல்காரர்கள் கருத்தை விட்டுவிட்டுச் சில்லறைச் சொற்களை எண்ணினார்கள். 'அபான்' என்ற சொல்லை ஹாமில்டன் தாராளமாகப் போடுவார், மாடிசன் அநேகமாகத் தொடமாட்டார். ஹாமில்டன் 'வைல்' என்கிற இடத்தில் மாடிசன் 'வைல்ஸ்ட்' என்பார். எண்ணிப் பார்த்ததில் பன்னிரண்டும் மாடிசன் கணக்கில் விழுந்தன. பெரிய சொல்லில் ஆள் நடிக்கலாம், சின்னச் சொல்லில் முடியாது.

இதைக் கேட்டதும் அவளுக்குக் கண் விரிந்தது. அடுத்த வாரமே ஒரு விளையாட்டு வைத்தோம். பூந்தமல்லியில் ஜெராக்ஸ் எடுத்த பத்துப் பத்திகள், பெயரெல்லாம் மறைத்து. பெரியாரை உடனே பிடித்தாள். 'ஆனதினாலும்', 'என்பதாலும்', 'ஆகவே' என்று கோர்ட்டில் வாதிடுகிற மாதிரி அடுக்கிக்கொண்டே போகிற நீள வாக்கியம், முடிவில் ஒரே போடு. 1925இல் தொடங்கிய 'குடி அரசு'வில் சித்திரபுத்திரன் என்று வேஷம் போட்டாலும் அந்தத் தடி தெரியும். அண்ணாவும் எளிது, தம்பிக்கு எழுதிய கடிதங்களில் மோனை காட்டிக் கொடுத்துவிடும். கவிழ்ந்தவன் நான்தான். திரு.வி.க. என்று அடித்துச் சொன்ன ஒரு பத்தி கல்கியுடையதாக இருந்தது. கல்கி 1923 முதல் நவசக்தியில் திரு.வி.க.வின் கீழ் உதவி ஆசிரியராக இருந்தவர், குருவின் சுருதி எங்கோ ஒட்டியிருக்கும் என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை.

கடைசிப் பத்தி காஞ்சிபுரத்தைப் பற்றியது. 1925 நவம்பர் காங்கிரஸ் மாநாட்டில் பெரியாரின் வகுப்புவாரித் தீர்மானத்தை அனுமதிக்க மறுத்த தலைவர் திரு.வி.க.; பெரியார் எழுந்து வெளியே போனார், திரும்பவில்லை. தமிழ்நாட்டு அரசியல் அன்றைக்கு வேறு பாதை பிடித்தது. ஒரே கட்சியில் தோளோடு தோள் நின்றவர்கள், பிறகு ஆளுக்கொரு தாள். பசிஃபிகஸும் ஹெல்விடியஸும்தான். ஒரே ஒரு வித்தியாசம், இவர்களுக்கிடையே அன்பு கெடவில்லை. திரு.வி.க. காலமானது 1953 செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாள். அமெரிக்க அரசமைப்பில் கையெழுத்திட்டதும் ஒரு செப்டம்பர் 17. தேதிகளில் அர்த்தம் தேடுவது சரித்திர வாத்தியாருக்கு அழகில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

போன வாரம் அந்த அமெரிக்க விடையை மறுபடி எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டு பத்திக் கட்டு போய்விட்டது. ஃபிரெனோவின் சம்பளத்தில் தொடங்கியிருந்தாள். பெயர் எழுதாமல் கொடுத்திருந்தாலும் அவளுடையது என்று சொல்லிவிடுவேன்: ஒவ்வொரு பத்தியும் 'சரி,' என்று ஆரம்பிக்கிறது. அதை மட்டும் சிவப்பு மையில் சுழித்தேன்.

பதிலுக்கு இந்தக் கட்டுரையின் கைப்பிரதியை வாங்கி, பென்சிலோடு மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஒவ்வொரு 'தான்' மேலும் ஒரு வட்டம். பாதியை எடுத்துவிட்டேன். மற்றதை எடுக்கக் கை வரவில்லை.