கூழாங்கல்லும் கொப்பியும்

சிறுவருக்கான அறிவு நூல் யாதெனின், தகவல்கள் மலிந்த நூல் என்றே நம்மிற் பலர் விடை கூறுவர். அத்தகவல்களைக் கொப்பியில் எழுதுவித்து மனனஞ் செய்விப்பதே கற்பித்தல் என்னும் எண்ணமும் ஆரம்ப வகுப்புகளில் வேரூன்றியுள்ளது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை அவ்வேருக்கு நீர் வார்க்கின்றது. இவ்வெண்ணத்தின் பிழையை ஒரு நூலைக் கொண்டே ஆராய்வோம்.

1928 ஆம் ஆண்டுக் கோடையில், முசூரியிலிருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு ஜவாஹர்லால் நேரு எழுதிய கடிதங்கள் 1929 இல் நூலாக வெளிவந்தன. 1936 இல் லக்னோவில் நடந்த முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பிரேம்சந்த் அந்நூலை ஹிந்தியிற் பெயர்த்தார்.

முதற் கடிதத்திலே ஒரு கூழாங்கல் வருகின்றது. அஃது உருண்டையும் வழவழப்பும் பெற்றது எவ்வாறு? மலையிலிருந்து உடைந்த துண்டொன்று மழைநீரால் அடித்துச் செல்லப்பட்டு, ஆற்றிலே உருண்டு தேய்ந்து, தன் கூர்முனைகளை இழந்தது. கல்லையும் ஏடாக வாசிக்கலாம் என்று குழந்தைக்குக் கற்பிக்கின்றார் நேரு.

அதே நூலிற் சந்திரனைப் பற்றியும் பேசப்படுகின்றது. பசிபிக் சமுத்திரம் இருக்கும் பெரும் பள்ளத்திலிருந்தே சந்திரன் பிரிந்ததெனப் பலர் எண்ணுவதாக நேரு எழுதுகின்றார். அஃது அக்காலத்து அறிவு. 1969 முதல் 1972 வரை அப்பொலோ பயணங்களிற் கொண்டுவரப்பட்ட கற்கள் ஆராயப்பட்டன. பூமியோடு செவ்வாயளவான ஒரு கோள் மோதியதாற் சிதறிய பொருளே சந்திரனாயிற்று என்பதே இன்று விஞ்ஞானிகளிற் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

சந்திரனைப் பற்றிய செய்தியை மனனஞ் செய்த மாணவனிடம் எஞ்சுவது பழங்கருத்து. கூழாங்கல்லை வாசிக்கக் கற்றவனோ, அக்கருத்து ஏன் மாறியது என்பதையும் விளங்கிக்கொள்வான். ஆகவே ஆசிரியர் அப்பகுதியை மறைக்க வேண்டியதில்லை. நூல் வெளிவந்த ஆண்டைக் கரும்பலகையில் எழுதி, அன்று அவ்வாறு எண்ணியது ஏன், இன்று மாற்றியது ஏன் என்று வினவுதல் வேண்டும்.

நூலின் குறையையும் கூறல் வேண்டும். ஆரியர் வருகை போன்ற பெரும் பொருள்களைப் பேசும் பிற்கடிதங்களில், கூழாங்கல்லுக்குக் காட்டிய சான்றின் தெளிவு இல்லை. நேருவின் பெயருக்காக நாம் இதனைப் பொறுத்துக்கொள்ளலாகாது. "இஃது எவ்வாறு தெரியும்?" என அங்கும் பிள்ளைகள் கேட்கட்டும்.

கூழாங்கற்களை உருட்டும் மலையாறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. ஆயின் கிணறு வெட்டும்போது வெளிப்படும் சுண்ணாம்புக் கல் உண்டு; பண்டைக் கடலுயிர்களின் சுவடுகள் அதிற் பதிந்துள்ளன. மலையகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓடைகளும் மகாவலியும் உள்ளன. நூலை வாசித்தபின் பிள்ளைகள் தம் மண்ணின் கல்லைக் கையிலெடுத்தல் வேண்டும்.

வசதி படைத்தோர் வீட்டில் நூல்களும் உள. கேட்டதற்கு விடை கூறுவோரும் உளர். உழைப்பாளியின் பிள்ளைக்குப் பாடசாலை ஒன்றே கதி. அங்கும் வினா மறுக்கப்படின், மேலோர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ளும் பழக்கமே அப்பிள்ளைக்கு மிஞ்சும். ஆரம்ப ஆசிரியர்கள் அடுத்த தவணையில் ஒரு நூலையேனும் இவ்வாறு கற்பிக்க முன்வருவார்களாக.